முன் இடது பேட் மட்டும் ஏன் தீர்ந்தது? வீட்டு வாசலில் ஒரு பிரேக் ஆய்வு

கார், ஏழு வருடம் ஓடிய பெட்ரோல் ஹேட்ச்பேக். முன்சக்கரங்களில் டிஸ்க் பிரேக் (சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டை இருபுறமும் பேட் என்னும் உராய்வுக் கட்டைகள் கவ்வும்), பின்னால் டிரம். சொந்தக்காரர் என் சித்தப்பா. சேலத்தில் இருக்கிறார், ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். காரைத் தினமும் எடுப்பவர் இல்லை. பல நாள் ஷெட்டிலேயே நிற்கும். அப்புறம் திடீரென்று ஒருநாள் ஏற்காட்டில் இருக்கும் மகள் வீட்டுக்கு, இருபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி இறங்கி, ஒரு பயணம்.

அவர் சொன்ன புகார்கள் மூன்று. மலை இறங்கி வந்து நிறுத்தினால் முன் இடது சக்கரத்தில் கருகிய வாடை. நேர் சாலையில் ஸ்டியரிங்கைத் தளர்வாகப் பிடித்தால் கார் மெல்ல இடப்பக்கம் ஒதுங்குகிறது. பிரேக்கை அழுத்தி மிதித்தாலோ வலப்பக்கம் இழுக்கிறது.

அவர் விசாரித்த மெக்கானிக்குகள் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்லியிருந்தார்கள்: பேட் தீர்ந்திருக்கும், மாற்றிவிடலாம். தப்பில்லை, தீர்ந்துதான் இருந்தது. ஆனால் சித்தப்பா எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதி வைப்பவர். டைரியைப் புரட்டினால் முன் பேட் மாற்றி 15,000 கிலோமீட்டர்தான் ஆகியிருந்தது. நிதானமாக ஓட்டும் சிறிய காரில் ஒரு செட் அதைப்போல இரண்டு மடங்காவது வர வேண்டும். மலைப்பாதைக்காகக் கொஞ்சம் கழித்துக்கொண்டாலும் கணக்கு உதைத்தது. போன பேட் ஏன் இவ்வளவு சீக்கிரம் போனது என்று தெரியாமல் புதுசை மாட்டினால் அதுவும் இதே 15,000ல் முடியும். ஆகவே வேலை இரண்டாயிற்று: பேடை மாற்றுவது, பழைய பேடை வைத்து விசாரணை நடத்துவது. சொல்லப்போனால் முதல் வேலை சுலபம்.

இடமும் வலமும்

ஓடும்போது இடது, மிதித்தால் வலது என்ற அந்த முரண்தான் எனக்குச் சுவாரசியமாக இருந்தது. டயரில் காற்று இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று முதலில் பார்த்தோம், இருந்தது. பிரேக் ஒரு பக்கம் உரசிக்கொண்டே இருந்தால் கார் அந்தப் பக்கம் ஒதுங்கும். சரி, இடது சக்கரம் உரசுகிறது. ஆனால் மிதிக்கும்போது வலப்பக்கம் இழுத்தால் வலது பிரேக் நன்றாகப் பிடிக்கிறது, இடது சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். விட்டபோது விடாத பிரேக், பிடிக்க வேண்டியபோது பிடிக்கவும் இல்லை. ஒரே பிரேக் இப்படி இரண்டு விதமாகவும் கெட்டுப்போக என்ன காரணம் இருக்க முடியும்?

இதற்கு, பேட்களை டிஸ்கின் மேல் அழுத்தும் பாகமான காலிப்பர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். சிறிய கார்களின் முன்சக்கரத்தில் இருப்பது பெரும்பாலும் ஒற்றைப் பிஸ்டன் மிதக்கும் காலிப்பர். பிஸ்டன் டிஸ்கின் உள்பக்கம் மட்டும்தான். பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலின் அழுத்தம் பிஸ்டனைத் தள்ள, அது உள் பேடை டிஸ்கின் மேல் அழுத்துகிறது. டிஸ்க் பக்கவாட்டில் நகராது. எதிர்விசையில் காலிப்பரே உள்பக்கமாக நகர்ந்து, அதன் வெளிப்புறக் கை வெளி பேடை இழுத்து டிஸ்கின் மறுபக்கம் அழுத்துகிறது. ஒரு பிஸ்டன், ஆனால் இரண்டு பக்கமும் ஒரே பிடி. இந்த நகர்வு நடப்பது மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு எஃகுப் பின்களின் மேல். பூட் என்னும் ரப்பர் உறை போட்டு, உள்ளே கிரீஸ் தடவி வைத்திருப்பார்கள்.

பெடலை விட்டதும் பிஸ்டனைப் பின்னால் இழுக்க ஸ்பிரிங் எதுவும் கிடையாது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் சதுர வெட்டு ரப்பர் சீல் அழுத்தத்தின்போது சற்றே வளைந்துகொள்கிறது. அழுத்தம் போனதும் நிமிர்ந்து, பிஸ்டனைத் தன்னோடு மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு உள்ளே இழுத்துக்கொள்கிறது. பேடுக்கும் டிஸ்குக்கும் கிடைக்கும் இடைவெளி அவ்வளவுதான். வழியில் எங்கேயாவது துரு ஏறி ஏதாவது இறுகிவிட்டால் அந்த இடைவெளி காணாமல் போய்விடும்.

சந்தேகப் பட்டியலில் மூன்று பேர். பிஸ்டன் இறுகியிருக்கலாம். காலிப்பருக்கு ஆயில் கொண்டுவரும் ரப்பர் குழாயான பிரேக் ஹோஸ் உள்ளே உப்பி அடைத்துக்கொண்டு, போன ஆயிலைத் திரும்ப விடாமல் வைத்திருக்கலாம். அல்லது அந்த எஃகுப் பின் சிக்கியிருக்கலாம். மூன்றிலும் வெளியே தெரியும் அறிகுறி கிட்டத்தட்ட ஒன்றுதான். பல இடங்களில் இவற்றைப் பிரித்துப் பார்க்காமலே காலிப்பரை முழுதாக மாற்றச் சொல்லிவிடுகிறார்கள்.

ஹோஸைக் கழித்துக்கட்டுவது சுலபம். முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, சித்தப்பாவை உள்ளே உட்காரவைத்து, பிரேக்கை நன்றாக மிதித்து விடச் சொன்னேன். இடது சக்கரத்தைக் கையால் சுற்றினால் கனமாக, கரகரவென்று சுற்றியது. வலது சக்கரம் ஒரு தட்டுத் தட்டினால் முழுச் சுற்று போனது. காலிப்பரிலிருந்து ஆயிலை வெளியே விடும் பிளீடர் நிப்பிளில் ஒரு குழாயை மாட்டி, அதன் மறுமுனையைக் கொஞ்சம் பிரேக் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் முக்கி, நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்தேன். ஹோஸில் அழுத்தம் தேங்கியிருந்தால் ஆயில் பீறிட்டு வந்து சக்கரம் உடனே விடுபட்டிருக்கும். சில சொட்டுதான் வந்தது. சக்கரம் அதே கனம். அழுத்தத்தில் குறையில்லை, உலோகத்தில் எங்கேயோ இறுக்கம்.

பழைய பேட் சொன்னது

சக்கரத்தைக் கழற்றிக் காலிப்பரைத் திறந்ததும் பாதி விடை கிடைத்துவிட்டது. புதிய பேடில் உராய்வுப் பொருள் மட்டும் 10 மில்லிமீட்டர் இருந்திருக்கும். வலது சக்கரத்தில் உள் பேட் 6.5, வெளி பேட் 7. இடது சக்கரத்தில் வெளி பேட் 7.5, உள் பேட் ஒரு முனையில் 2.5, மறுமுனையில் 1.

இந்த நான்கு பேடின் கணக்கை வாத்தியாரே போட்டார். வலது உள் பேட் 15,000 கிலோமீட்டரில் 3.5 மில்லிமீட்டர் தேய்ந்திருக்கிறது. மாற்ற வேண்டிய அளவு 3 என்று வைத்தால், இன்னும் 15,000 ஓடும். மொத்தம் 30,000. ஆக, அவர் ஓட்டும் முறையிலோ ஏற்காடு மலையிலோ குற்றமில்லை. அதே காலில், அதே மலையில் இடது உள் பேட் மட்டும் 9 மில்லிமீட்டர் வரை போயிருக்கிறது. அதன் ஜோடியான வெளி பேடோ வலப்பக்கத்தைவிடவும் குறைவாகத் தேய்ந்திருக்கிறது, ஏனென்றால் அது வேலையே செய்யவில்லை.

ஒரு முனை அதிகமாகத் தேய்ந்து ஆப்பு போல் ஆவது ஒரு தனிச் செய்தி. மேசை இழுப்பறையில் ஒரு பக்கத் தண்டவாளம் மட்டும் சிக்கினால் அது கோணலாக வருமே, அந்த மாதிரி. இரண்டு பின்களில் ஒன்று நகர்கிறது, இன்னொன்று நகரவில்லை.

பிடித்து ஆட்டிப் பார்த்தால் அப்படியேதான். மேல் பின் விரலால் தள்ளினாலே போய் வந்தது. கீழ்ப் பின் அசையவே இல்லை. அதன் பூட் கிழிந்திருந்தது. தண்ணீரும் மண்ணும் உள்ளே போய், கிரீஸ் காய்ந்து, துருவாகி உட்கார்ந்திருந்தது. மேல் பின்னில் கிரீஸ் இருந்தது, ஆனால் சக்கர பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ். பெட்ரோலிய கிரீஸ் பட்டால் பிரேக்கில் இருக்கும் ரப்பர் உப்பிவிடும். அந்தப் பூட்டும் தொளதொளவென்று பருத்துத்தான் இருந்தது. போன முறை பேட் மாற்றிய ஒர்க்‌ஷாப்பில் கீழ்ப் போல்ட்டை மட்டும் கழற்றி, காலிப்பரை மேல்நோக்கித் திருப்பி, பேடைச் செருகி மூடியிருக்க வேண்டும். அரை மணி நேர வேலை. பின்னைக் கழற்றிப் பார்த்ததற்கான அடையாளம் எதுவும் இல்லை.

இது இடது பிரேக் ஏன் சரியாகப் பிடிக்கவில்லை என்பதற்கு விடை. காலிப்பர் நகராததால் வெளி பேட் டிஸ்கைச் சரிவரத் தொடவில்லை. பாதிப் பிடி வீண். மிதித்தால் கார் வலப்பக்கம் போனது அதனால்தான். விட்டபோது ஏன் விடவில்லை? அந்தக் கீழ்ப் பின் மட்டும்தான் அதற்கு முழுக் காரணம் என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை. உள் பேடைக் கையால் உருவ முடியவில்லை, ஸ்க்ரூ டிரைவர் கொடுத்து நெம்ப வேண்டியிருந்தது. பேடின் இரண்டு காதுகளும், காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டில் உட்காரும் இடத்தில் மெல்லிய ஸ்டீல் கிளிப் இருக்கும். அந்தக் கிளிப்புக்கு அடியில் துரு வளர்ந்து, கிளிப்பைத் தூக்கி, பேடின் காதை இறுக்கிப் பிடித்திருந்தது. சீல் இழுக்கும் அந்தச் சிறு இழுப்பில் பிஸ்டன் பின்னால் போயிருக்கும். பேட் கூடவே போகாமல் டிஸ்கிலேயே சாய்ந்து நின்றிருக்கும். இரண்டு கோளாறும் சேர்ந்துதான் அந்த இடது-வலது புதிர்.

பிஸ்டன்? பழைய பேடை அதன்மேல் வைத்து சி-கிளாம்ப்பால் மெல்ல அழுத்தினேன். தடையில்லாமல், ஒரே சீராக உள்ளே போனது. டஸ்ட் பூட்டும் கிழியவில்லை. அது நிரபராதி. காலிப்பரை மாற்றியிருந்தால் நல்ல காலிப்பரைத் தூக்கிப் போட்டிருப்போம்.

யாருக்கும் ஏன் தெரியவில்லை

கொஞ்ச நாள் முன்பு டயர்க் கடையில் வீல் பேலன்சிங் செய்தபோது, அங்கிருந்த பையன் சக்கரத்தின் ஓட்டை வழியாக எட்டிப் பார்த்து "பேட் நல்லா இருக்கு சார்" என்று சொல்லியிருக்கிறான். அவன் பொய் சொல்லவில்லை. ஓட்டை வழியாகத் தெரிவது வெளி பேட் மட்டும். அது 7.5 மில்லிமீட்டர் இருந்தது! உள் பேடைப் பார்க்க ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து, சக்கரத்தின் பின்னாலிருந்து டார்ச் அடிக்க வேண்டும், அல்லது சக்கரத்தைக் கழற்ற வேண்டும்.

பேட் தீரும்போது கீச்சிட்டு எச்சரிக்க ஒரு சின்ன எஃகுத் தகடு இருக்குமே என்று கேட்கலாம். இருக்கும், நல்ல பேடில். கழற்றிய பேடில் அது இல்லவே இல்லை.

இன்னொரு எச்சரிக்கை வந்திருக்கிறது, அதுவும் வீணாகிவிட்டது. சில மாதம் முன்பு டேஷ்போர்டில் பிரேக் விளக்கு எரிந்ததாம். சித்தப்பா பானெட்டைத் திறந்து பார்த்தார், ஆயில் குறைவாக இருந்தது, வாங்கி ஊற்றினார், விளக்கு அணைந்தது. பிரேக் ஆயில் குறைவதற்கு இரண்டே வழி. எங்கேயாவது கசிய வேண்டும். இல்லாவிட்டால் பேட் தேய்ந்து, பிஸ்டன் வெளியே வந்து, அது விட்ட இடத்தை ஆயில் நிரப்பியிருக்க வேண்டும். இரண்டில் எது என்று பார்க்காமல் ஊற்றுவது விளக்கை அணைப்பதோடு சரி. கூடவே ஒரு தொல்லையும் உண்டு. மேல்கோடு வரை ஊற்றி வைத்த தொட்டி, புதிய பேடுக்காகப் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது வழியும். வழிந்த ஆயில் பெயிண்டைத் தின்றுவிடும். நான் கிளாம்ப் போடுவதற்கு முன்பே மருந்துக் கடை சிரிஞ்சால் தொட்டியிலிருந்து கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிட்டேன்.

கருகிய வாடைக்கு வருவோம். ஆயிரம் கிலோ எடையுள்ள கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஒருமுறை நின்றால் சுமார் 140 கிலோஜூல் வெப்பமாகிறது. அதே கார் ஆயிரம் மீட்டர் உயரம் இறங்கும்போது செலவழிக்க வேண்டியது 9,800 கிலோஜூல். அந்த வேகத்திலிருந்து எழுபது முறை நிற்பதற்குச் சமம். இதில் ஒரு பங்கை என்ஜின் வாங்கிக்கொள்ளும், கியரைக் குறைத்துப் போட்டிருந்தால். ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதற்காகத்தான். மீதி முழுவதும் பிரேக்கில். அதில் ஒரு பேட் இடைவிடாமல் உரசிக்கொண்டும் இருந்தால் ஆறுவதற்கு நேரமே கிடையாது. இடது டிஸ்கின் உள்முகத்தில் அங்கங்கே நீலம் பாரித்திருந்தது. பேட் கண்ணாடி போல் மினுமினுத்தது.

இங்கே ஆயிலையும் நினைக்க வேண்டும். டாட் 4 என்னும் தர வகைப் பிரேக் ஆயிலின் கொதிநிலை புதுசாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தரம். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய பிறகு 155 இருந்தாலே தரத்துக்குள் வந்துவிடும். காலிப்பருக்குள் ஆயில் கொதித்தால் குமிழி உண்டாகும். குமிழி அமுங்கும், பெடல் தரைவரை போகும், கார் நிற்காது. சித்தப்பாவின் கார் தொட்டியில் இருந்த ஆயில் கருங்காப்பி நிறம். அதை எப்போது மாற்றினார்கள் என்று டைரியில்கூட இல்லை. வாடையோடு போனது நல்லதாயிற்று.

வலப்பக்கத்தையும் ஏன் மாற்ற வேண்டும்

"வலது பக்கம் நல்லாத்தானேப்பா இருக்கு? இன்னும் 15,000 ஓடும்னு நானே கணக்குப் போட்டேனே. அதை ஏன் தூக்கிப் போடணும்?" என்றார் சித்தப்பா.

"ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசுன்னா ரெண்டும் ஒரே மாதிரி பிடிக்காது சித்தப்பா. இப்ப வலது இழுக்குது, அப்புறம் எந்தப் பக்கம் இழுக்கும்னு சொல்ல முடியாது. நாலு பேடும் ஒரே செட்டாத்தான் விக்கிறாங்க."

கடைசி வாக்கியம்தான் அவரைச் சமாதானப்படுத்தியது என்று நினைக்கிறேன். எப்படியும் காசு கொடுத்தாயிற்று.

பேட் வாங்குவதில் தமிழ்நாட்டுக்காரர்களுக்குக் குறையே இல்லை. 1962ல் சென்னை பாடியில் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியாவும், ரானே, சுந்தரம் போன்ற பிரேக் லைனிங் நிறுவனங்களும் நம் ஊர்க்காரர்கள். போலிதான் பிரச்சினை. பெட்டியைப் பார்த்து ஏமாறாமல், பழக்கமான உதிரிபாகக் கடையில் பில்லோடு வாங்குவது நல்லது. புதிய பேடைப் பழையதன் மேல் வைத்து, காதுகளின் அளவும் தகட்டின் வடிவமும் பொருந்துகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடலாம். பேடோடு கிளிப் செட், பின், பூட், பின்னுக்கான சிலிக்கான் கிரீஸ், பிரேக் கிளீனர், ஒரு டப்பா டாட் 4. கிளிப்பும் பூட்டும் சேர்த்து வாங்கக் கேட்டால் கடைக்காரர் ஒரு பார்வை பார்ப்பார். பரவாயில்லை.

வேலை

சமதரை வேண்டும், இது பேரம் பேச முடியாத விஷயம். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல், ஹேண்ட்பிரேக் இழுத்தபடி, முதல் கியர். வீல் நட்டைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே இளக்கிவிட வேண்டும். ஜாக்கி தூக்க மட்டும். தூக்கியதும் ஸ்டாண்டில் இறக்கிவிட வேண்டும். காரோடு வரும் கத்தரி ஜாக்கியை நம்பிச் சக்கர வளைவுக்குள் தலையை நுழைப்பவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

ஒரு பக்கம் முடித்த பிறகுதான் அடுத்த பக்கத்தைத் திறக்க வேண்டும். கிளிப் எந்தத் திசை, எந்தப் பின் மேலே என்று குழம்பினால் மறுபக்கம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். சில கார்களில் இரண்டு பின்களும் ஒன்று போல் இருக்காது. ஒன்றில் ரப்பர் புஷ் இருக்கும். மாற்றிப் போட்டால் அதுவே புதுக் கோளாறு.

கழற்றிய காலிப்பரைக் கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிட்டேன். ஹோஸில் தொங்கவிடக் கூடாது. தூசியை ஊதவோ கம்ப்ரஸர் காற்று அடிக்கவோ வேண்டாம். கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இல்லாத பேட்கள் வந்துவிட்டன என்றாலும், கழற்றுகிற பழைய பேட் எந்த ரகம் என்று யாருக்குத் தெரியும்? பிரேக் கிளீனர் அடித்து ஈரமாகத் துடைத்தால் போதும்.

அதிக நேரம் பிடித்தது அந்தக் கீழ்ப் பின்தான். ஊடுருவும் எண்ணெய் சிறிது விட்டு, காத்திருந்து, ரென்ச்சால் இடமும் வலமும் மெல்ல மெல்லத் திருகித்தான் வெளியே வந்தது. மேற்பரப்பில் குழி விழுந்திருந்ததால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க நினைக்கவில்லை, புதுசு. பின் உட்காரும் துளைக்குள் துணி சுற்றிய குச்சியைக் கிளீனரில் நனைத்து, அந்த எண்ணெயும் துருவும் வருவது நிற்கும்வரை துடைத்தேன். சிலிக்கான் கிரீஸ் மெல்லிய பூச்சாகப் போதும். துளையை நிரப்பினால் பின் உள்ளே போகும்போது காற்றும் கிரீஸும் அடைபட்டுத் திருப்பித் தள்ளும். பின்னை உள்ளே அழுத்திக்கொண்டு பூட்டின் உதட்டை ஒருமுறை தூக்கிக் காற்றை விட்டுவிட்டால், விரலால் தள்ளினாலே வழுக்கிக்கொண்டு போகும். முடித்ததற்கு அதுதான் பரீட்சை.

பிராக்கெட்டில் கிளிப் உட்காரும் இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் வெள்ளை இரும்பு தெரியும்வரை சுரண்டினேன். புதிய கிளிப் போட்டு, பேடைச் செருகினால் கையாலேயே உள்ளே போக வேண்டும், கையாலேயே வர வேண்டும். காதுகளில் ஒரு தொடு கிரீஸ். உராய்வு முகத்தில் விரல்கூடப் படக் கூடாது.

டிஸ்கின் கனத்தை வெர்னியர் அளவுகோலால் நேராக அளந்தால் தப்பாக வரும். பேட் தொடாத வெளி விளிம்பு தேயாமல் உயர்ந்து நிற்கும், வெர்னியரின் தாடை அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும். ஒரே மாதிரி இரண்டு நாணயத்தை டிஸ்கின் இரு முகத்திலும் வைத்து அளந்து, நாணயங்களின் கனத்தைக் கழித்தால் சரியான அளவு கிடைக்கும். எங்களுக்கு 16.2 வந்தது. டிஸ்கில் பொறித்திருந்த குறைந்தபட்ச அளவு 15. உள்முகத்தில் கோடுகள் இருந்தாலும் நகத்தில் மாட்டும் அளவு ஆழமில்லை. கடைசல் பட்டறைக்குக் கொண்டுபோகலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டேன். நல்ல இரும்பைச் சீவிக் கனத்தைக் குறைப்பதற்கு இதில் காரணம் போதவில்லை. வேறு கருத்துள்ளவர்கள் இருப்பார்கள்.

போல்ட் முறுக்கு காருக்குக் கார் மாறும். சிறிய கார்களில் காலிப்பர் பின் போல்ட் 25 முதல் 35 நியூட்டன் மீட்டர், வீல் நட் 85 முதல் 110 என்ற வட்டாரத்தில் இருக்கும். சரியான எண்ணைச் சர்வீஸ் கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். காலிப்பர் போல்ட் சின்னது. வீல் நட்டை முறுக்கிய கையோடு அதையும் முறுக்கினால் மரை போய்விடும். பின்சக்கரத்திலும் டிஸ்க் உள்ள கார்களில், ஹேண்ட்பிரேக் அந்தக் காலிப்பரிலேயே இருந்தால் பிஸ்டனைக் கிளாம்ப்பால் அழுத்தக் கூடாது, திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் என்றால் அதைச் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோகாமல் தொடவே வேண்டாம்.

எல்லாம் மாட்டி முடித்ததும் சித்தப்பா சாவியைப் போடப் போனார். கையைப் பிடித்து நிறுத்தினேன். பிஸ்டன் இன்னும் உள்ளே கிடக்கிறது. முதல் மிதி தரைவரை போகும், இரண்டாவதும் அப்படியே இருக்கலாம். கார் நகர்வதற்கு முன் பெடல் கல்லாகும்வரை மிதித்துவிட வேண்டும். வீட்டில் பேட் மாற்றுகிறவர்கள் ஷெட் சுவரில் இடிப்பது இந்த இடத்தில்தான்.

ஆயிலையும் அன்றே மாற்றினோம். ஒருவர் மிதித்துப் பிடிக்க, ஒருவர் நிப்பிளைத் திறந்து மூட, தூரத்துச் சக்கரத்திலிருந்து தொடங்கி, தொட்டி காலியாகாமல் பார்த்துக்கொண்டு. கறுப்பு போய்த் தேன் நிறம் வரும்வரை.

மாற்றிய பிறகு

புதிய பேட் முதல் நாளே முழுப் பிடி கொடுக்காது. ஆளில்லாத சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை மிதமாக மிதித்துக் குறைத்து, இடையில் ஆறவிட்டு, பத்து முறை போலச் செய்தோம். முழுதாக நிறுத்திப் பெடலை அழுத்திப் பிடிக்கக் கூடாது. சூடான பேட் டிஸ்கில் ஓரிடத்தில் பதிந்து பின்னால் அதிர்வாக வரும். இந்த ஓட்டத்திலேயே இடம் ஒதுங்குவதும் வலம் இழுப்பதும் நின்றுவிட்டது தெரிந்தது.

வாயால் சொன்னால் வாத்தியாருக்குப் போதாது. அடுத்த ஏற்காடு பயணத்தில் அடிவாரத்தில் நிறுத்தி, இன்ஃப்ராரெட் வெப்பமானியை இரண்டு டிஸ்கிலும் அடித்துப் பார்த்தோம். பளபளப்பான உலோகத்தில் இந்தக் கருவி உண்மையைவிடக் குறைவாகத்தான் காட்டும், ஆகவே எண்ணை நம்பாமல் இடதையும் வலதையும் ஒப்பிட்டு மட்டும் பார்க்க வேண்டும். பழைய பேடோடு வந்தபோது இடது, வலதைப் போல இரு மடங்கு காட்டியது. இப்போது வித்தியாசம் பத்து டிகிரிக்குள். வாடையும் இல்லை.

சில மாதம் கழித்துச் சக்கரத்தைக் கழற்றி நான்கு பேடையும் அளந்தார். இந்த முறை நான் இல்லை, அவரேதான். உள்ளுக்கும் வெளிக்கும் அரை மில்லிமீட்டர் வித்தியாசம், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. டைரியில் இப்போது "பின் நகர்கிறதா" என்று ஒரு பத்தி சேர்ந்திருக்கிறது. பலமாக மிதித்தால் மட்டும் ஸ்டியரிங்கில் லேசான அதிர்வு இருக்கிறதாம். அந்த நீலம் பாரித்த இடங்கள்தான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். அது கூடினால் இரண்டு டிஸ்கையும் சேர்த்து மாற்றிவிடலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். அதற்கு முன் பின்சக்கர டிரம்களைத் திறந்து பார்க்க வேண்டும்.